பெஞ்சமின் மேஸ்: ஒரு கல்லூரித் தலைவரின் வாழ்க்கை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம்மில் குறைவு. அவர் படித்த கல்லூரியை நடத்தியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. அவர் பெயர் பெஞ்சமின் எலைஜா மேஸ். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகரில் உள்ள, கறுப்பின ஆண்களுக்கான மோர்ஹவுஸ் கல்லூரிக்கு 1940 முதல் 1967 வரை 27 ஆண்டுகள் தலைவராக இருந்தவர். நான் அவரைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு அவருடைய பிள்ளைப் பருவத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கல்லூரித் தலைவர் என்றால் கல்லூரி முதல்வர்தானே?

பாதி சரி. அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் பாடத்திட்டம், தேர்வு, ஆசிரியர்களின் அன்றாடப் பணி ஆகியவற்றைப் பெரும்பாலும் டீன் எனப்படுபவர் கவனித்துக்கொள்வார். தலைவரின் வேலை வேறு. கல்லூரிக்குப் பணம் திரட்ட வேண்டும், அறங்காவலர் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும், நல்ல ஆசிரியர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வர வேண்டும். இந்தக் கல்லூரி எதற்காக இருக்கிறது என்பதை ஊருக்கும் மாணவர்களுக்கும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கறுப்பின மக்களுக்கான கல்லூரி என்றால் இன்னொரு சுமையும் சேரும். மேஸ் பதவிக்கு வந்த காலத்தில் ஜார்ஜியாவில் பள்ளி, பேருந்து, உணவகம், மருத்துவமனை எல்லாவற்றிலும் நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்தது. கல்லூரியின் வாசலுக்கு வெளியே கால் வைத்ததும் அவமானப்படுத்தப்படும் இளைஞனை, வாசலுக்கு உள்ளே தலைநிமிர்ந்து நிற்கப் பழக்கும் பொறுப்பும் தலைவருடையதுதான்.

அவர் எங்கே பிறந்தார்? எந்த ஆண்டு?

தெற்குக் கரோலினா மாநிலத்தில், நைன்ட்டி சிக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில். ஊரின் பெயரே ‘தொண்ணூற்றாறு’தான். பிறந்த நாள் 1894 ஆகஸ்ட் 1 என்பது அவர் ஏற்றுக்கொண்ட கணக்கு. சில நூல்களில் 1895 என்றும் இருக்கும்.

தந்தை ஹெசக்கையா, தாய் லுவீனியா. இருவருமே அடிமைகளாகப் பிறந்தவர்கள். எட்டுப் பிள்ளைகளில் பெஞ்சமின் கடைக்குட்டி. தந்தை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி விளைவித்தார். தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவருடைய முதல் நினைவே ஒரு கலவரம் என்கிறார்களே?

ஆம். 1898 நவம்பரில், அவர் ஊருக்கு அருகில் உள்ள ஃபீனிக்ஸ் என்ற இடத்தில், தேர்தல் நாளன்று கறுப்பின மக்களின் வாக்குரிமையை ஒட்டி மோதல் வெடித்தது. மூன்றாண்டுகளுக்கு முன்பு, 1895இல், அந்த மாநிலம் புதிய அரசியல் சட்டம் இயற்றிக் கறுப்பினத்தவரை வாக்குச் சாவடியிலிருந்து ஏறத்தாழ வெளியேற்றியிருந்தது. மோதலுக்குப் பிறகு வெள்ளையர் கும்பல்கள் துப்பாக்கிகளோடு சுற்றித் திரிந்து கறுப்பினத்தவர் பலரைக் கொன்றன.

அப்படியொரு கும்பல் குதிரைகளில் வந்து மேஸின் தந்தையை நிறுத்தியது. தொப்பியைக் கழற்றச் சொல்லி, மீண்டும் மீண்டும் தலைகுனிந்து வணங்கச் சொன்னது. நான்கு வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதுமையில் எழுதிய தன்வரலாற்றை மேஸ் இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறார். பிற்காலத்தில் அவர் நடக்கும் விதத்தைப் பற்றி மாணவர்கள் வியந்து பேசுவார்கள்: உயரமான உருவம், நேரான முதுகு, எவர் முன்னாலும் வளையாத கழுத்து. தந்தை தலைகுனிய வைக்கப்பட்ட அந்தக் காட்சியை அறிந்த பிறகு எனக்கு அந்த நடை வேறு மாதிரி தெரிகிறது.

பள்ளிப் படிப்பு எப்படி நடந்தது?

இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நான் எப்போதும் நிதானமாகச் சொல்வேன். அவருடைய பிற்காலச் செயல்களுக்கெல்லாம் வேர் இங்கே இருக்கிறது.

கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி ஆண்டுக்கு நான்கே மாதங்கள் நடந்தது. நவம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் உழவு, விதைப்பு, களை, பருத்தி எடுப்பு. பள்ளியில் சேர்வதற்கு முன்பே அக்கா ஒருத்தி அவருக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் முதல் நாளே ஆசிரியை வியந்து பாராட்ட, தாய் அதைக் கேட்டு மகிழ, பையனுக்கு அன்றே படிப்பின் மேல் ஆசை பற்றிக்கொண்டது. ஆனால் பிப்ரவரி முடிந்தால் ஏர்தான். பத்தொன்பது வயது வரை அவர் ஒரு கல்வியாண்டைக்கூட முழுமையாகப் படித்ததில்லை.

தந்தைக்கு இதில் விருப்பமில்லை. நேர்மையாக வாழ விரும்பும் கறுப்பினத்தவனுக்கு இரண்டே தொழில்கள் உண்டு, ஒன்று விவசாயம், மற்றது போதகர் பணி, இரண்டுக்கும் இதற்கு மேல் படிப்பு வேண்டாம் என்பது அவர் கருத்து. நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கண்ட உலகில் படித்தவன் பிழைத்ததற்குச் சான்று இல்லை. பையன் காட்டில் ஏரை நிறுத்திவிட்டு, படிக்க வழி பிறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வான். தாய் அவன் பக்கம் நின்றார்.

1911இல் ஆரஞ்ச்பர்க் நகரில் இருந்த மாநிலக் கல்லூரியின் உயர்நிலைப் பள்ளிப் பிரிவில் சேர்ந்தார். அங்கேயும் முதலில் பிப்ரவரி வந்ததும் வீடு திரும்ப வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தில், இனி முழு ஆண்டும் படிக்கப் போகிறேன் என்று தந்தையிடம் சொல்லிவிட்டார். கோபத்தில் தந்தை பத்து டாலர் நோட்டு ஒன்றை அவர் மேல் விட்டெறிந்தார். வீட்டிலிருந்து வந்த பணம் அதோடு நின்றது. மிச்சச் செலவுக்கு நள்ளிரவில் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்யும் வேலையைப் பார்த்தார். 1916இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். அப்போது வயது ஏறத்தாழ 22. மற்ற பிள்ளைகள் கல்லூரியை முடிக்கும் வயதில் அவர் பள்ளியை முடித்தார்.

அதற்குப் பிறகு வடக்கே போனது ஏன்?

தெற்கில் வளர்ந்த பையனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது: கறுப்பினத்தவனுக்கு வெள்ளையனளவு மூளை கிடையாது. அவர் இதை நம்பவில்லை. ஆனாலும் வெள்ளை மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே தேர்வை எழுதி, தனக்குத்தானே ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு படித்துவிட்டு, 1917இல் வடகோடியில் உள்ள மெய்ன் மாநிலத்தின் பேட்ஸ் கல்லூரிக்குப் போனார்.

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினார். விவாத அணிக்குத் தலைமை தாங்கினார். 1920இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். பேட்ஸ் தனக்கு விடுதலை தரவில்லை, தானே தன்னை விடுவித்துக்கொள்ள வாய்ப்புத் தந்தது, அது அதைவிடப் பெரிய உதவி என்ற பொருளில் பின்னால் எழுதினார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் சிறந்த மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஃபை பீட்டா கப்பா என்ற மதிப்புமிக்க சங்கம் உண்டு. 1920இல் அவருக்கு அந்தத் தகுதி கிடைக்கவில்லை. 15 ஆண்டுகள் கழித்து, 1935இல்தான் பேட்ஸ் கிளை அவரைச் சேர்த்துக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மீண்டும் வரும்.

முனைவர் பட்டம் வாங்க ஏன் அத்தனை காலம் ஆனது?

பணம்தான் காரணம். 1921 தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1925இல் முதுகலை, 1935இல் பிஎச்.டி. நடுவில் ரயிலில் புல்மேன் எனப்படும் படுக்கை வசதிப் பெட்டிகளில் பணியாளாக வேலை பார்த்திருக்கிறார். மோர்ஹவுஸில் மூன்றாண்டுகள் கணிதம் கற்பித்திருக்கிறார், விவாத அணிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். ஒரு சிறிய பாப்டிஸ்ட் தேவாலயத்தில் போதகராக இருந்திருக்கிறார். டாம்பா நகரில் சமூகப் பணி, ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் மாணவர் செயலாளர் பணி என்று அலைந்திருக்கிறார். 1930களின் தொடக்கத்தில் ஜோசப் நிக்கல்சன் என்பவரோடு சேர்ந்து நாடு முழுவதும் கறுப்பின தேவாலயங்களை நேரில் ஆராய்ந்தார். நகரங்களில் 609, கிராமங்களில் 185 என்று போய்ப் பார்த்துக் கணக்கெடுத்த ஆய்வு அது. 1933இல் நூலாக வந்தது.

பட்டம் கைக்கு வருமுன்பே, 1934இல், வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சமயவியல் பள்ளியின் டீன் ஆகிவிட்டார்.

குடும்பம்?

முதல் மனைவி எல்லன் ஹார்வின். 1920இல் திருமணம். 1923இல் அவர் இறந்துவிட்டார். 1926இல் சேடி கிரே என்ற சமூகப் பணியாளரை மணந்தார். பிள்ளைகள் இல்லை. சேடி தனியாகவே குறிப்பிடத்தக்கவர். சமூகப் பணி கற்பித்தார், அட்லாண்டாவில் முதியோருக்கான காப்பகம் உருவாகக் காரணமாக இருந்தார். அந்தக் காப்பகம் பின்னால் அவர் பெயரையே தாங்கியது. 1969இல் காலமானார்.

மேஸ் இந்தியாவுக்கு வந்தாரா? காந்தியைச் சந்தித்தாரா?

இரண்டும் உண்மை. 1937 ஜனவரியில் மைசூரில் ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாடு நடந்தது. அதற்காக வந்தவர், வார்தாவில் காந்தியைக் கண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். உரையாடல் பிறகு ‘ஹரிஜன்’ இதழிலும் வெளிவந்தது. அகிம்சை என்பது கைகட்டி நிற்பதா என்பது மேஸின் முதல் கவலை. இல்லை, அது உலகில் இயங்கும் விசைகளிலேயே தீவிரமானது, எதிரியின் மேல் வெறுப்பு கலந்துவிட்டால் போராட்டத்தையே நிறுத்திவிட வேண்டும் என்பது காந்தியின் விளக்கம். சாதி முறையையே ஏன் நீங்கள் நேரடியாக எதிர்க்கவில்லை என்றும் மேஸ் கேட்டார். தீண்டாமைக்கு எதிரான தன் போராட்டத்தைக் காந்தி பதிலாகச் சொன்னார். அந்தப் பதில் போதுமா என்ற விவாதம் நம்மிடையே அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நிற அடக்குமுறையை அனுபவித்த ஒருவர், வந்த சில நாட்களிலேயே சரியான இடத்தில் விரலை வைத்துக் கேட்டார் என்பதை நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்தப் பயணத்தில் என்னை உலுக்குவது வேறொரு நிகழ்ச்சி. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி ஒன்றுக்கு அவரை அழைத்துப் போனார்கள். உங்களைப் போலவே தீண்டத்தகாதவராக இருந்து உயர்ந்த நிலைக்கு வந்தவர் இவர் என்று தலைமையாசிரியர் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். மேஸுக்கு முதலில் திகைப்பு. நான் தீண்டத்தகாதவனா? கொஞ்ச நேரம் யோசித்தார். என் நாட்டில் வெள்ளையர் விடுதியில் எனக்கு அறை கிடையாது, அவர்கள் உணவகத்தில் இடம் கிடையாது, ரயிலில் தனிப் பெட்டி. தலைமையாசிரியர் சொன்னது சரிதான் என்று அவருக்குப் பட்டது. இதை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தன் தேசத்தின் அநீதிக்கு ஒரு பெயரை இன்னொரு தேசத்தின் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் நின்று கற்றுக்கொண்ட மனிதர் அவர்.

1940இல் அவர் ஏற்றபோது மோர்ஹவுஸ் எப்படி இருந்தது?

பழம்பெருமை மிச்சமிருந்தது, பணம் இல்லை. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த கையோடு, 1867இல், ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்தில் தொடங்கிய பள்ளி அது. 1879இல் அட்லாண்டாவுக்கு வந்தது. 1913இல் மோர்ஹவுஸ் கல்லூரி என்ற பெயர் பெற்றது. ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரி, இன்றும் அப்படித்தான். 1929இல் அட்லாண்டா பல்கலைக்கழகம், பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரி ஆகியவற்றோடு ஓர் இணைப்பு ஏற்பட்டது. அந்த ஏற்பாட்டில் மோர்ஹவுஸ் மாற்றாந்தாய்ப் பிள்ளையாகிவிட்டது என்பது மேஸின் வருத்தம். ஆசிரியர் சம்பளம் குறைவு. மாணவர்களின் கட்டணப் பாக்கி மலைபோல் கிடந்தது.

‘பக் பென்னி’ என்ற பட்டப்பெயர் எப்படி வந்தது?

அந்தப் பாக்கியால்தான். ‘பக்’ என்பது அமெரிக்கப் பேச்சுவழக்கில் டாலர். கட்டணம் கட்டாத மாணவனை விடாமல் கேட்டு வசூலிக்கும் தலைவருக்குப் பையன்கள் வைத்த பெயர் இது. இதை மட்டும் கேட்டால் கறாரான ஆள் என்று தோன்றும். உண்மையிலேயே வழியில்லாதவனுக்கு வேலையோ உதவியோ ஏற்பாடு செய்து படிக்க வைத்ததும் இதே ஆள்தான் என்று அந்தக் காலத்து மாணவர்கள் சொல்வதுண்டு. கட்டக்கூடியவன் கட்டினால்தான் கட்ட முடியாதவனுக்கு இடம் இருக்கும் என்பது அவர் கணக்கு. கழிப்பிடம் கழுவிப் படித்தவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லும் தகுதி இருந்தது.

போர்க் காலத்தில் கல்லூரியை மூடச் சொன்னார்களாமே?

மேஸ் வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, 1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. ஆண்கள் கல்லூரி என்பதால் அடி நேராக விழுந்தது. மாணவர்கள் படைக்குப் போகத் தொடங்கினார்கள், வகுப்பறைகள் வெறிச்சோடின. போர் முடியும்வரை மூடிவைத்தால் என்ன என்று அறங்காவலர் குழுத் தலைவரே கேட்டார். மேஸ் மறுத்துவிட்டார். மூடிய கல்லூரி திரும்பத் திறப்பது அரிது என்பது அவருக்குத் தெரியும்.

மறுத்தால் மட்டும் போதாதே, வகுப்பை நிரப்ப மாணவர் வேண்டுமே. உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்பை இன்னும் எட்டாத திறமையான பையன்களுக்கு நுழைவுத் தேர்வு வைத்து, பதினோராம் வகுப்போடு நேராகக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 1944 செப்டம்பரில் அப்படிச் சேர்ந்த பையன்களில் ஒருவனுக்கு வயது 15. பெயர் மார்ட்டின் லூதர் கிங். அவனுடைய தந்தையும் தாய்வழித் தாத்தாவும் அதே கல்லூரியில் படித்தவர்கள்.

இது நெருக்கடியைச் சமாளிக்க வந்த ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனாலும் இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பருத்திக் காடு தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட ஆண்டுகளை எண்ணிக்கொண்டே வளர்ந்தவர், 22 வயதில் பள்ளி முடித்தவர், பதினைந்து வயதுப் பையனைப் பார்த்து ‘நீ காத்திருக்க வேண்டாம், உள்ளே வா’ என்கிறார்.

கிங்கை அவர்தான் உருவாக்கினார் என்று சொல்லலாமா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கிங்குக்கு வலுவான குடும்பம் இருந்தது, தேவாலயம் இருந்தது, வேறு நல்ல ஆசிரியர்களும் இருந்தார்கள். சொல்லக்கூடியது இதுதான்: போதகர் ஆவதா வேண்டாமா என்று அந்தப் பையன் தயங்கிக்கொண்டிருந்தான். உணர்ச்சிக் கூச்சல் மட்டுமே சமயம் என்றால் தன் அறிவு அதற்கு ஒத்துக்கொள்ளாது என்ற தயக்கம். பிஎச்.டி. பட்டமும் ஆழ்ந்த நம்பிக்கையும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு உயிருள்ள சாட்சியாக மேஸ் எதிரில் நின்றார்.

செவ்வாய்க்கிழமை தோறும் காலையில் கல்லூரி வழிபாட்டுக் கூடத்தில் மேஸ் பேசுவார். எல்லா மாணவர்களும் வந்தாக வேண்டும். கிங் கேட்டுக் குறிப்பெடுப்பார், முடிந்ததும் பின்னாலேயே போய்ச் சில கருத்துகளோடு வாதாடுவார். அந்த நடைவழி வாதங்களில்தான் தங்கள் நட்பு தொடங்கியது என்று மேஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். கிங் 1948இல் சமூகவியலில் பட்டம் பெற்றார். தன் ஆன்மிக வழிகாட்டி என்று மேஸைக் குறிப்பிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை உரைகளில் என்ன பேசுவார்?

உலகச் செய்தி, சமயம், நிறப் பிரச்சினை, மாணவனின் சோம்பல் என்று எல்லாம் வரும். திரும்பத் திரும்ப வந்த கருத்து ஒன்று உண்டு. பிரித்துவைக்கும் சட்டத்துக்கு உடல் கட்டுப்பட்டாக வேண்டிய நேரம் வரலாம். மனம் கட்டுப்பட வேண்டியதில்லை. திரையரங்கில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய மாடிக்குப் பின்வாசல் வழியாக ஏறிப் போய்ப் படம் பார்க்காதே என்பார். பேருந்தில் வேலைக்குப் போயாக வேண்டும், அது வேறு. பொழுதுபோக்குக்காகப் பணம் கொடுத்து அவமானத்தை வாங்காதே. வாழ்க்கையில் இலக்கை அடையாமல் போவது துயரமில்லை, அடைய ஓர் இலக்கே இல்லாமல் இருப்பதுதான் துயரம் என்பதும் அவர் அடிக்கடி சொன்னது.

சாமர்த்தியமான பட்டதாரிகளை உருவாக்குவது மட்டும் கல்லூரியின் வேலை இல்லை, நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்கக்கூடிய நேர்மையான மனிதர்கள் வேண்டும், சமூகத்தின் வலியைத் தன் வலியாக உணர்பவர்கள் வேண்டும் என்பார். கேட்டுக்கொண்டிருந்த பையன்களின் வரிசையைப் பாருங்கள்: அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயரான மேனார்ட் ஜாக்சன், வரலாற்றாசிரியர் லெரோன் பென்னட், பிற்காலத்தில் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை அமைச்சரான லூயிஸ் சல்லிவன், நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரியான டேவிட் சாட்சர்.

பணத்துக்கு என்ன செய்தார்?

ஊர் ஊராகப் போய்க் கேட்டார். கறுப்பினக் கல்லூரிகள் தனித்தனியாகக் கையேந்துவதைவிட ஒன்றாகச் சேர்ந்து நிதி திரட்டலாம் என்று டஸ்கீகி கல்லூரியின் தலைவர் ஃபிரெடரிக் பேட்டர்சன் முன்வைத்த யோசனைக்குத் துணை நின்றார். 1944இல் 27 கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டு நிதியைத் தொடங்கின. பிற்காலத்தில் மேஸ் அதற்குத் தலைவராகவும் இருந்தார். அந்த நிதி அமைப்பு இன்றும் இயங்குகிறது.

ஃபை பீட்டா கப்பாவை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அந்தச் சங்கம் ஒரு கல்லூரியில் கிளை தொடங்க அனுமதிக்கிறது என்றால், அதன் நூலகம், ஆசிரியர் தகுதி, பாடத்தரம் அனைத்தையும் சோதித்துத் தேறியது என்று பொருள். அதை மோர்ஹவுஸுக்குப் பெற்றுத்தர அவர் பல ஆண்டுகள் உழைத்தார். முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்களை ஒவ்வொருவராகச் சேர்த்தார். ஓய்வு பெறும்போது ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முனைவர்கள். 1968 ஜனவரியில் கிளை தொடங்கியது. அவர் பதவியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

போராட்டங்களில் நேரடியாக ஈடுபட்டாரா?

முன்வரிசையில் நின்று அல்ல. ஆனால் தேவையான நேரத்தில் இருந்தார். 1956 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரி நகரில், பேருந்துகளில் இருந்த நிறப் பாகுபாட்டை எதிர்த்து, கிங் தலைமையில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்தது. கிங் வீட்டில் குண்டு வெடித்திருந்தது. அவரையும் பலரையும் கைது செய்ய ஆணை தயாராகியிருந்தது. கிங் அப்போது அட்லாண்டாவில் பெற்றோர் வீட்டில் இருந்தார். மகன் திரும்பிப் போகக் கூடாது என்று தவித்த தந்தை, ஊர்ப் பெரியவர்கள் சிலரை வீட்டுக்கு அழைத்து மகனுக்குப் புத்தி சொல்லச் சொன்னார். சிலர் தந்தை சொல்வதே சரி என்றார்கள். என் நண்பர்கள் அங்கே கைதாகும்போது நான் இங்கே ஒளிந்திருக்க முடியாது, பத்தாண்டு சிறையென்றாலும் போவேன் என்றார் மகன். தந்தை அழுதுவிட்டார். அறை அமைதியானது. கிங் மேஸைப் பார்த்தார். மேஸ் மட்டும் பிள்ளையின் பக்கம் உறுதியாகப் பேசத் தொடங்கினார். பிறகு மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் காலையே கிங் மான்ட்கோமரிக்குப் புறப்பட்டார்.

ஒரு கல்லூரித் தலைவர் அந்த நிமிடத்தில் நடுநிலையாக, பொதுவாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். தந்தை அவருடைய நண்பர், கல்லூரியின் முன்னாள் மாணவரும்கூட. மகனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பழி தன் மேல் விழும் என்பதும் தெரியாததல்ல.

1960இல் அட்லாண்டா மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் இடம் தந்த உணவகங்களில் உட்கார்ந்து போராடத் தீர்மானித்தபோது, முன்னின்றவர்கள் லோனி கிங், ஜூலியன் பாண்ட் போன்ற மோர்ஹவுஸ் பையன்கள். அந்த மார்ச் மாதம் மனித உரிமைக்கான அறிக்கை ஒன்றை நாளிதழ்களில் வெளியிட்டுவிட்டுக் களத்தில் இறங்கினார்கள். எந்த மாணவனையும் இதற்காகக் கல்லூரியை விட்டு மேஸ் வெளியேற்றவில்லை. அதே காலத்தில் அரசுப் பணத்தில் நடந்த சில தெற்கத்திய கறுப்பினக் கல்லூரிகள் மாணவர்களை நீக்கின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் எடை புரியும்.

1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியின் முடிவில் ஆசியுரை வழங்கியவரும் மேஸ்தான்.

கிங்கின் இறுதிச் சடங்கில் அவர்தானே பேசினார்?

ஆம். யார் பின்னால் மிஞ்சுகிறாரோ அவர் மற்றவருக்கு அஞ்சலி உரை நிகழ்த்துவது என்று இருவருக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது. 34 வயது மூத்தவர் மேஸ். பேசப் போவது கிங்தான் என்றே இருவரும் நினைத்திருப்பார்கள். 1968 ஏப்ரல் 9 அன்று, கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியில் கிங்கின் உடல் மோர்ஹவுஸ் வளாகத்துக்கு வந்தது. 73 வயது மேஸ் எழுந்து பேசினார். இறந்துபோன சொந்த மகனுக்குப் பேசச் சொன்னது போலிருக்கிறது என்றார். கிங் தன் காலத்துக்கு முந்திப் பிறந்துவிட்டார் என்று சிலர் சொல்வதை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் காலத்தில்தான் வருகிறார்கள் என்றார்.

ஓய்வுக்குப் பிறகு?

1967இல் ஓய்வு. 1969இல், 75 வயதில், அட்லாண்டா பள்ளிக் கல்வி வாரியத்துக்குத் தேர்தலில் நின்று வென்றார். 1970 முதல் 1981 வரை அதன் தலைவர். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர்.

அவர்மேல் விமர்சனமே இல்லையா?

உண்டு. பெரிய விமர்சனம் 1973இல் வந்தது. வெள்ளை, கறுப்புப் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்க, ஒரு பகுதிப் பிள்ளைகளைப் பேருந்தில் இன்னொரு பகுதிப் பள்ளிக்கு அனுப்பும் முறை அப்போது நீதிமன்றங்கள் வழியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. அட்லாண்டாவில் மேஸ் தலைவராக இருந்த கல்வி வாரியம் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது: பேருந்து மாற்றம் குறைவாக இருக்கும், பதிலுக்குப் பள்ளி நிர்வாகத்தில் கறுப்பினத்தவருக்கு உயர்பதவிகள் கிடைக்கும். அந்த ஆண்டே அலான்சோ கிரிம் நகரின் முதல் கறுப்பினக் கல்விக் கண்காணிப்பாளர் ஆனார். ஒருங்கிணைப்பைக் கைவிட்டுவிட்டார்கள் என்று என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கத்தின் தேசியத் தலைமை கொதித்து, தன் அட்லாண்டா கிளையையே இடைநீக்கம் செய்தது. அந்தக் கிளையின் தலைவர் யார் தெரியுமா? 1960இல் உணவகப் போராட்டத்தை நடத்திய அதே லோனி கிங்.

வெள்ளைக் குடும்பங்கள் ஏற்கெனவே கூட்டம் கூட்டமாக நகர்ப் பள்ளிகளை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. கலப்பதற்கு எஞ்சிய வெள்ளைப் பிள்ளைகள் குறைவு. மேஸ் நிலைமையைப் பார்த்து முடிவெடுத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் எதிர்த்தவர்களின் கோபத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். வாழ்நாள் முழுவதும் பிரிவினையை எதிர்த்தவரின் கையெழுத்தோடு பிரிந்த பள்ளிகள் நிலைத்துப்போனது அவர்களுக்கு வலித்தது.

எப்போது காலமானார்? எங்கே அடக்கம்?

1984 மார்ச் 28, அட்லாண்டாவில். 1995இல் அவர் உடலையும் சேடியின் உடலையும் மோர்ஹவுஸ் வளாகத்துக்குக் கொண்டுவந்து, கல்லூரியின் பழைய கட்டடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். மாணவர்கள் வகுப்புக்கு அந்த வழியாகத்தான் நடந்து போகிறார்கள்.